ஆவரேஜ் போடாத மனுஷன்

அந்த ஏரியாவுல அவரோட நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. மீட்டர். அவ்வளவுதான். "மீட்டர் வந்தாச்சா?" "இந்த மாசம் மீட்டர் இன்னும் நம்ம பக்கம் தலை காட்டலியே." கரண்டு மீட்டர்ல எவ்வளவு ஓடியிருக்குன்னு வீடு வீடாப் போயி பார்த்து எழுதுற வேலை. இருபத்திரெண்டு வருஷம். கேட்டுக்கு வெளிய நின்னு அவரு ஒரு குரல் குடுப்பாரு பாருங்க. "ரீ...டிங்!" ரீயை இழுத்து மொட்டை மாடி வரைக்கும் ஏத்திட்டு, டிங்கை மட்டும் டக்குன்னு கீழ போடுவாரு. தையல்காரம்மா வீட்டுக் கிளி அதைக் கத்துக்கிச்சு. மீட்டர் வராத நாள்லயும் அது "ரீ...டிங்!"ங்கும். அந்தம்மா ஓடி வந்து கேட்டைத் திறந்துட்டு, காலி ரோட்டைப் பார்த்துத் திட்டிட்டுப் போவாங்க.

நாய்களைப் பத்தி அவரு ஒரு புத்தகமே எழுதலாம். "குரைக்கிற நாயி பாவம், அது டூட்டி பார்க்குது. உறுமுற நாய்கிட்ட பேசிக்கலாம். ஒண்ணுமே பண்ணாம, அப்படியே நம்ம பின்னாலயே மரியாதையா நடந்து வரும் பாரு, அதுகிட்டதான் காலைக் காப்பாத்திக்கணும்." இடது கணுக்கால்ல அந்த மரியாதைக்கு ஒரு தழும்பு இருந்துச்சு.

அவரு வேலை பார்க்கிற விதம் கொஞ்சம் தனி. நம்பரை ரெண்டு தடவை சத்தமா வாசிப்பாரு, ஒரு தடவை எழுதுவாரு. "நாலாயிரத்தி முந்நூத்திப் பதினேழு. நாலாயிரத்தி முந்நூத்திப் பதினேழு." அப்புறம்தான் பேனா இறங்கும். அது கூடப் பரவாயில்லை. பூட்டின வீடு விஷயத்துலதான் கூட வேலை பார்க்கிறவங்க தலையில அடிச்சுக்குவாங்க. வீடு பூட்டியிருந்தா ஆபீஸே ஒரு வழி சொல்லியிருக்கு. போன மூணு மாசத்தைக் கூட்டி, மூணால வகுத்து, 'இவ்வளவு ஓடியிருக்கும்'னு ஒரு நம்பரை எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கலாம். அதுக்கு ஆவரேஜ் போடறதுன்னு பேரு. எல்லாரும் போட்டாங்க. மழை பெஞ்சா, நாய் இருந்தா, தலை வலிச்சா, கிரிக்கெட் இருந்தா, ஆவரேஜ்தான். மீட்டர் ஒரே ஒரு தடவை கூடப் போட்டதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மறுபடி போயி அதே கேட்டுல நிப்பாரு.

"பார்க்காததை எப்படிங்க எழுதறது?" அப்படின்னு கேப்பாரு. ரொம்ப அப்பாவியா கேப்பாரு.

அப்படிப்பட்டவருக்குத்தான் புது மீட்டர் வந்து சேர்ந்துச்சு. வெள்ளை டப்பா, ஓரத்துல கடுகு மாதிரி ஒரு பச்சை லைட்டு. தன் நம்பரைத் தானே ஆபீஸுக்கு அனுப்பிடும். நாய் கடிக்காது, மழையில நனையாது, கேட்டுல நின்னு கத்தாது. எட்டு வாரத்துல ஏரியா முழுக்க மாட்டி முடிச்சுட்டாங்க. ஒப்பந்தக் கம்பெனியில இருந்து மீட்டருக்கு ஒரு தாள் வந்துச்சு. 'மறு அறிவிப்பு வரும்வரை தங்கள் பணி நிறுத்திவைக்கப்படுகிறது.' அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சாரு.

"மறு அறிவிப்புன்னு போட்டிருக்கான் பாரு. வேணாம்னு போடலை," அப்படின்னு சம்சாரத்துகிட்ட காட்டினாரு.

அந்தம்மா ரெடிமேடு சட்டைக் கம்பெனியில காலர் தைக்கிறவங்க. காலர் மட்டும்தான், பதினோரு வருஷமா. முழுச் சட்டையை அவங்க தைச்சதே இல்லை. வாயில எப்பவும் ரெண்டு குண்டூசி இருக்கும், அதனால உதட்டைத் திறக்காமலே பேசிப் பழகிட்டாங்க. "ம்ம், வரும் வரும்," அப்படின்னாங்க, குண்டூசிக்கு நடுவுல.

அஞ்சு மாசம் ஆச்சு. அறிவிப்பு வரலை. காலையில ஆறு மணிக்கு எழுந்து, சட்டை மாத்திக்கிட்டு, மீட்டர் ஜன்னலோர நாற்காலியில உக்காருவாரு. நாலஞ்சு இடத்துல வேலை கேட்டுப் பார்த்தாரு. ஐம்பத்தி ஒண்ணுன்னு வயசைச் சொன்னதுமே எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி மாறிடும். ஆறாவது மாசம் வேலை கேக்கறதையும் விட்டுட்டாரு, ஷேவ் பண்றதையும் விட்டுட்டாரு.

அந்த நேரம் பார்த்து மக மேக்ரோவுல கோட்டை விட்டுச்சு.

ஒரே பொண்ணு. காலேஜ்ல முதல் வருஷம். பேரியல் பொருளாதாரம்னு ஒரு பேப்பர், எல்லாரும் மேக்ரோன்னுதான் சொல்லுவாங்க. நாட்டோட விலைவாசி, வேலைவாய்ப்பு, வட்டி, வளர்ச்சின்னு எல்லாத்தையும் மேல இருந்து ஹெலிகாப்டர்ல பார்க்கிற பாடம். எடுக்கிறவருக்குப் பேரு கிராப் சார். எதைக் கேட்டாலும் போர்டுல ரெண்டு கோடு போட்டுடுவாரு. "இது எக்ஸ்... இது ஒய்... புரியலைன்னாலும் தலையாட்டுங்கப்பா, எனக்கு ஒரு தெம்பு வரும்." பாடம் வரலை, கிராப் சாரோட குரல் மட்டும் மகளுக்கு அச்சு அசலா வந்துச்சு. இடைத்தேர்வுல ஐம்பதுக்குப் பதினேழு.

தாளை நோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. ஒரு நம்பர் எழுதின தாளு அந்த வீட்டுல மீட்டர் கண்ணுக்குத் தப்புமா?

"பதினேழு. பதினேழு," அப்படின்னு வாசிச்சாரு. திட்டலை. "அடுத்தது எப்ப?"

"அடுத்த மாசம்பா. முழுத் தேர்வு."

"புஸ்தகத்தை எடு. நீ படி, நான் கேள்வி கேக்கறேன். எனக்கும் பொழுது போவணும்ல."

பீரோவுக்கு அடியில அவர்கிட்ட ரீடிங் எழுதுற சீட்டு கட்டுக்கட்டா மிச்சம் இருந்துச்சு. பின்பக்கம் வெள்ளை. ஒவ்வொண்ணுலயும் மக ஒரு கேள்வி எழுதிக் குடுத்தா. சாயங்காலம் நாலு மணி ஆனா டேபிளுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் இவ. ரெண்டு தடவை வாசிப்பாரு. "பணவீக்கம் என்றால் என்ன? பணவீக்கம் என்றால் என்ன?" அதுவும் சாதாரணமா இல்லை. கேட்டுல நிக்கிற அதே இழுவை. மக சிரிச்சு முடிச்சு பதில் சொல்றதுக்குள்ள அஞ்சு நிமிஷம் போயிடும். பதில் சொல்லாம முழிச்சா, "டோர் லாக்கு. ஆறு மணிக்கு மேல வர்றேன்," அப்படின்னு அந்தச் சீட்டைத் தனியா எடுத்து வெச்சு, கரெக்டா ஆறு மணிக்கு மறுபடி கேப்பாரு.

மொத்த உள்நாட்டு உற்பத்தின்னு ஒரு நாள் வந்துச்சு. வீட்டுக்குள்ள செய்யற வேலை அந்தக் கணக்குல சேராதுன்னு மக சொன்னதும், சிங்க் பக்கத்துல இருந்து அம்மா குரல். "அப்ப இந்தப் பாத்திரத்தை யாரு தேய்க்கிறா? உற்பத்தியா தேய்க்குது?"

இன்னொரு நாள் வேலையில்லாதவர்னா யாருன்னு ஒரு சீட்டு. மக ஒப்பிச்சா. "வேலை இருக்கக்கூடாது. செய்யத் தயாரா இருக்கணும். கடைசி நாலு வாரத்துல தேடியிருக்கணும். தேடலைன்னா அவரை வேலையில்லாதவர் கணக்குல சேர்க்க மாட்டாங்க."

"அப்புறம் எதுல சேர்ப்பாங்க?"

"எதுலயும் இல்லைப்பா. உழைப்பாளர் படைக்கே வெளிய."

"அடேங்கப்பா. தேடறதுல கொஞ்சம் கண்ணசந்தா ஆளையே அழிச்சுடுவான் போல இருக்கே," அப்படின்னு மீட்டர் சிரிச்சாரு. மறுநாள் ஷேவ் பண்ணிட்டு ரெண்டு கடையில போயி வேலை கேட்டுட்டு வந்தாரு. ரெண்டுலயும் இல்லைன்னுட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம்தான் வேலையின்மையோட வகைகள். ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போற இடைவெளி, அது உராய்வு. சீசன் முடிஞ்சா வேலையும் முடியறது, அது பருவகாலம். பொருளாதாரம் இறங்கும்போது ஆளைக் குறைச்சு, ஏறும்போது மறுபடி கூப்பிடறது, அது சுழற்சி. அப்புறம் அமைப்பு சார்ந்தது. புது எந்திரம் வந்ததால அந்த வேலையே இல்லாமப் போறது. பொருளாதாரம் எவ்வளவு ஏறினாலும் அந்த வேலை திரும்பாது, ஆளுதான் வேற வேலை கத்துக்கணும்.

மக மனசுக்குள்ள படிச்சுக்கிட்டிருந்தா. மீட்டர் டேபிள் மேல சாய்ஞ்சாரு.

"இதுல நான் எது பாப்பா?"

விளையாட்டாத்தான் கேட்டாரு. ஆனா கேட்டுட்டு மூச்சை நிறுத்திட்டாரு, அது இவளுக்குத் தெரிஞ்சுச்சு. கன்னத்துல காலையில ஷேவ் பண்ணின வெட்டுக் காயம். ரெண்டு கடையில இல்லைன்னு கேட்டுட்டு வந்த மூஞ்சி. மகளோட விரல் அமைப்பு சார்ந்ததுலதான் இருந்துச்சு. விரலை ஒரு வரி மேல தள்ளினா.

"சுழற்சிப்பா."

"வாசி."

"பொருளாதாரம் இறங்கும்போது நிறுத்தி வெப்பாங்க. ஏறும்போது கூப்பிடுவாங்க."

"இன்னொரு தடவை வாசி."

அவளும் ரெண்டு தடவை வாசிச்சா. மீட்டர் ஒரு சீட்டை எடுத்து, 'சுழற்சி'ன்னு எழுதி, சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு. "நான் சொல்லலை? மறு அறிவிப்பு வரும்வரைன்னு போட்டிருக்கான்னு? சரியாப் பொருந்துது பாரு!"

அன்னைக்கு அவரு சாப்பிட்ட மாதிரி அவரு சாப்பிட்டு ஆறு மாசம் ஆயிருந்துச்சு.

மறுநாள்ல இருந்து மனுஷன் வேற ஆளு. ஷூவுக்கு பாலிஷ். டார்ச்சுக்குப் புது பேட்டரி. நியூஸ் வாசிக்கிற அம்மா, "நாட்டின் வளர்ச்சி விகிதம் இந்தக் காலாண்டில்..."னு மூக்கால ஆரம்பிச்சாப் போதும், "பாப்பா, ஏறுது! பாயின்டு மூணு ஏறியிருக்கு!" அப்படின்னு ஹால்ல இருந்து கூப்பாடு. மக பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு, "ஆமாப்பா"ன்னுவா.

ஞாயித்துக்கிழமை மாமா வந்தாரு. அம்மாவோட அண்ணன். கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு. நாள் பூரா லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிச் சொல்லி, பேச்சே அப்படி ஆயிடுச்சு. "சொல்லு, சொல்லு, சொல்லு, சொல்லு... போதும்!"ங்கற மாதிரிதான் யார்கிட்டயும் பேசுவாரு.

"மாப்ளே, எங்க கேட்டுல ஒரு இடம் காலி. உள்ள வர்ற லாரி, வெளிய போற லாரி, நம்பரைப் பார்த்து எழுதணும். நம்பர் எழுதறதுல உங்களை அடிச்சுக்க ஆளு ஏது? மேனேஜர் என் பேச்சைக் கேப்பாரு. சனிக்கிழமைக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாதுன்னுட்டாரு."

அம்மா வாயில இருந்த குண்டூசி ரெண்டையும் எடுத்துட்டாங்க. அது ரொம்பப் பெரிய விஷயம் நடக்கும்போது மட்டும்தான் நடக்கும்.

மீட்டர் நிதானமா டீயைக் குடிச்சாரு. "இல்லை மச்சான். நன்றி. நான் அங்க வந்து உக்காந்தப்புறம் இவன் கூப்பிட்டா, உங்க மேனேஜருக்கு என்ன பதில் சொல்றது? உங்க பேருதானே கெடும்?"

"எவன் கூப்பிடுவான்?"

"கம்பெனிக்காரன். நான் சுழற்சி மச்சான்." பாக்கெட்ல இருந்து சீட்டை எடுத்துக் காட்டினாரு. "இப்ப இறக்கம். ஏறும்போது கூப்பிடுவான். புஸ்தகத்துல இருக்கு."

மாமா சீட்டைப் பார்த்தாரு, தங்கச்சியைப் பார்த்தாரு. "சுழற்சியா? எனக்குத்தாம்மா தலை சுத்துது."

அம்மா மகளோட பக்கம் திரும்பினாங்க. "நெஜமா புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கா?"

ஒரு ஹால். அதுல நாலு பேரு. ஒருத்தர் மட்டும் சந்தோஷமா அவளைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு. மக தலையாட்டினா. கிராப் சாருக்குத் தெம்பு வர்றதுக்காகத் தலையாட்டுவாளே, அதே தலையாட்டல்.

திங்கக்கிழமை சொல்லிடணும்னு நினைச்சா. அன்னைக்கு மீட்டர் நாற்பத்தி ரெண்டு சீட்டுக்கும் வரிசை நம்பர் போட்டு, பாடம் வாரியா ரப்பர்பேண்டு மாட்டி வெச்சிருந்தாரு. செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். புதன்கிழமை சொல்ல வாயைத் திறந்தா. "என்ன, வட்டி விகிதம் டோர் லாக்கா?"ன்னு அவரு கேட்டதும், ஆமான்னுட்டா. அடுத்த திங்கக்கிழமை பரீட்சை. பரீட்சை முடியட்டும், அன்னைக்கே சொல்லிடலாம்னு ஒரு முடிவுக்கு வந்தா. சனிக்கிழமைங்கறது அதுக்கு முன்னாடி வருதேன்னு தோணும்போதெல்லாம், மாமா எப்படியாவது ரெண்டு நாள் இழுத்துப் பிடிப்பாருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. இன்னொண்ணும் இருந்துச்சு, அதை அவ தனக்குக்கூடச் சொல்லிக்கலை. அந்தச் சாயங்காலங்கள் அவளுக்கு வேணும். இப்ப எதைக் கேட்டாலும் பதில் வந்துச்சு. சொல்லிட்டா, டேபிளுக்கு அந்தப் பக்கம் யாரு உக்காருவா?

வெள்ளிக்கிழமை மீட்டர் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தாரு.

"எங்கப்பா போனீங்க?"

"ரவுண்டு. பழைய ரூட்டு முழுக்க ஒரு நடை நடந்து பார்த்தேன். கூப்பிட்ட அன்னைக்குக் கால் மறந்துடக்கூடாது பாரு. கிளி இருக்கே, அது என்னைப் பார்த்ததும் கத்திடுச்சு! தையல்காரம்மா வெளிய வந்து, என்ன மீட்டர் இந்தப் பக்கம்னாங்க. சீக்கிரம் வந்துடுவேன்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

ஷூவைக் கழட்டி, காலை அமுக்கிவிட்டுக்கிட்டே சிரிச்சாரு. மக பக்கத்துல உக்காந்தா. "அப்பா..."

"ம்?"

"தண்ணி கொண்டு வரவா?"

சனிக்கிழமை சாயங்காலம் மாமா போன் பண்ணினாரு. ஸ்பீக்கர்ல இல்லை, ஆனா மாமா குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. "நான் என்னம்மா பண்ணட்டும், நேரா கேட்டேன், வேணாம்னாரு. இன்னைக்கு மத்தியானம் வேற ஒருத்தரைப் போட்டுட்டாங்க." அம்மா போனை வெச்சுட்டு, குண்டூசியை வாயில வெச்சுக்கிட்டாங்க. ராத்திரிச் சாப்பாடு முடியற வரைக்கும் எடுக்கவே இல்லை. எப்படிச் சாப்பிட்டாங்களோ.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். கடைசி ரிவிஷன். மக தலைக்குக் குளிக்கப் போயிருந்தா. பரீட்சைக்கு முன்னாடி நாளாச்சே, சீட்டுல இல்லாத கேள்வியா ஒண்ணு கேட்டுத் திணறடிப்போம்னு மீட்டர் புஸ்தகத்தையே எடுத்தாரு. இத்தனை நாள் அவரு சீட்டைத்தான் வாசிச்சாரு, வேலையின்மையோட வகைகளுக்கு மட்டும் மக சீட்டே எழுதலை. புஸ்தகம் அவ கையில இருந்துச்சு.

தலையில துண்டு சுத்திக்கிட்டு மக வெளிய வந்தப்ப, அவரு கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. விரல் பக்கத்து மேல இருந்துச்சு. வழக்கமான குரல்லதான் கேட்டாரு. இழுவை மட்டும் இல்லை.

"அமைப்பு சார்ந்த வேலையின்மை என்றால் என்ன? உதாரணத்துடன் விளக்குக." கொஞ்சம் விட்டு, "அமைப்பு சார்ந்த வேலையின்மை என்றால் என்ன? உதாரணத்துடன் விளக்குக."

அவ நின்ன இடத்துல இருந்தே சொன்னா. ஒரு வார்த்தை பிசகலை. தொழில்நுட்ப மாற்றத்தால், குறிப்பிட்ட வேலைகள் நிரந்தரமாக, பொருளாதாரம் மீண்டாலும், இப்படி வரி வரியா. முடி நுனியில இருந்து தண்ணி சொட்டிச்சு.

"உதாரணம்?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல... இணைப்புக் குடுத்தவங்க."

"அது புஸ்தகத்துல இருக்கு. வேற?"

சிங்க்ல குழாய் ஓடற சத்தம் நின்னு போச்சு. அம்மா கேட்டுக்கிட்டிருந்தாங்க.

மீட்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. பாக்கெட்ல இருந்து 'சுழற்சி' சீட்டை எடுத்துப் பார்த்தாரு. கிழிக்கலை, கசக்கலை. மத்த சீட்டோட சேர்த்து வெச்சாரு.

"எனக்கு ஆவரேஜ் போட்டுட்டியே பாப்பா."

அவ்வளவுதான் சொன்னாரு. மக அழ ஆரம்பிச்சா. ஏதேதோ சொன்னா. நீங்க சாப்பிடவே இல்லைப்பா, அன்னைக்கு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுப்பா, பரீட்சை முடிஞ்சதும் சொல்லலாம்னு. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கையால தட்டி உக்காரச் சொன்னாரு. அடுத்த சீட்டை எடுத்தாரு.

"அரசின் நிதிக் கொள்கை என்றால் என்ன?"

ரெண்டாவது தடவையும் வாசிச்சாரு. நாற்பத்தி ரெண்டு சீட்டும் கேட்டு முடிச்சாரு. ஒண்ணுகூட டோர் லாக் இல்லை.

திங்கக்கிழமை கேள்வித்தாள்ல பதினஞ்சு மார்க்குக் கேள்வி அதுதான். வேலையின்மையின் வகைகளை உங்கள் பகுதியிலிருந்து உதாரணங்களுடன் விளக்குக. மக உராய்வை எழுதினா, பருவகாலத்தை எழுதினா, சுழற்சியை எழுதினா. நாலாவதுக்கு வந்து பேனாவை வெச்சுட்டு ஜன்னலைப் பார்த்தா. அப்புறம் எழுதினா. 'எங்கள் பகுதியில் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று மின்மீட்டர் பார்த்தார்.' ஒன்றரைப் பக்கம் போச்சு. பரீட்சை மேற்பார்வை பார்க்கிற மேடம் பக்கத்துல வந்து, "என்னம்மா, கேள்வி கஷ்டமா?"ன்னு கிசுகிசுத்தாங்க. இல்லைன்னு தலையாட்டினா.

வீட்டுக்கு வந்தப்ப அப்பா ஜன்னலோர நாற்காலியில இருந்தாரு. ஷூ வாசல்ல, மண்ணும் புழுதியுமா. அம்மா சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க. காலையில அவரே கிடங்குக்குப் போயிருக்காரு, நடந்தே. கேட்டுல புது ஆளு உக்காந்திருந்தானாம். அவன்கிட்டயே போயி, மேனேஜரைப் பார்க்கணும், இங்க நம்பர் எழுதற வேலை இருக்கான்னு கேட்டிருக்காரு. "அந்த வேலைக்குத்தாங்க நான் வந்திருக்கேன்"னு அவன் சொல்லியிருக்கான். இவரு அவன் எழுதற நோட்டைப் பார்த்துட்டு, "நம்பரை ரெண்டு தடவை வாசிச்சுட்டு எழுதுங்க தம்பி, தப்பு வராது"ன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. மாமா பின்னாடியே ஓடி வந்து கூப்பிட்டும் நிக்கலையாம்.

மக நாற்காலி பக்கத்துல தரையில உக்காந்தா.

"அந்தக் கேள்வி வந்துச்சா?"ன்னு கேட்டாரு.

"வந்துச்சுப்பா."

"உதாரணம் யாரை எழுதினே?"

"உங்களை."

"எதுல?"

"அமைப்பு சார்ந்ததுல."

மீட்டர் தலையை ஆட்டினாரு. மெதுவா, நல்லாப் படிச்ச பிள்ளைக்கு ஆட்டற மாதிரி. "ரீடிங் சரி," அப்படின்னாரு.

நூத்துக்கு எண்பத்தி நாலு வந்துச்சு. கிராப் சார் அவ தாளை வகுப்புல உசத்திக் காட்டி, "கோடே போடாம ஒரு மனுஷனைப் படம் போட்டுட்டாப்பா இந்தப் பொண்ணு!"ன்னு அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வாசிச்சாரு. எல்லாரும் கைதட்டினாங்க. மக பெஞ்சுல ஒரு பொட்டு மசியை விரலால தேய்ச்சுக்கிட்டே இருந்தா. வீட்டுல மார்க்கை மட்டும் சொன்னா. "எண்பத்தி நாலு. எண்பத்தி நாலு," அப்படின்னு அவரு வாசிச்சாரு.

அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு காலையில வாசல்ல ஒரு குரல். "சர்வேங்க!" இழுவை இல்லை, ராகம் இல்லை, புது ஆளுன்னு கேட்டதுமே தெரிஞ்சுச்சு. கழுத்துல அட்டை, கையில டேப்லெட், முட்டி வரைக்கும் புழுதி. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பாம். மீட்டர் எழுந்து போயி கேட்டைத் திறந்தாரு. பல நாளா அவரு வாசல் வரைக்கும்கூட வந்ததில்லை.

"உள்ள வாங்கம்மா. நிழல்ல உக்காருங்க. பாப்பா, தண்ணி. எத்தனை வீடு முடிஞ்சுது?"

"ஏழுதாங்க. மூணு வீட்டுல நாயி."

"பின்னாலயே பேசாம வருதே, பழுப்பு நாயி, அதை மட்டும் பார்த்துக்கோங்க."

அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கேள்வியை ஆரம்பிச்சாங்க. வீட்டுல எத்தனை பேரு, யாரு வேலைக்குப் போறாங்க. அம்மா, காலர் தைக்கிறாங்க. பொண்ணு, படிக்குது. "சாருக்கு இப்ப வேலை இருக்கா?"

"இல்லைங்க."

"கடைசி நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?"

தண்ணி டம்ளரோட வந்த மக அங்கயே நின்னுட்டா. அந்தக் கேள்விக்கு ரெண்டு கட்டம். ஒரு கட்டத்துல அப்பா வேலையில்லாதவரு. இன்னொரு கட்டத்துல அதுகூட இல்லை. டிக் அடிக்கிற விரல் காத்துக்கிட்டிருந்துச்சு.

"தேடினாருங்க," அப்படின்னா மக. "தேடிக்கிட்டுத்தான் இருக்காரு."

மீட்டர் திரும்பி அவளைப் பார்த்தாரு. கோவமா இல்லை. அவ கையில இருந்த டம்ளரை வாங்கி அந்தம்மாகிட்ட குடுத்தாரு.

"இல்லைம்மா. தேடலை. இருக்கறதை இருக்கறபடி எழுதிக்கோங்க." அந்தம்மா விரல் தயங்கறதைப் பார்த்துட்டு, இன்னொரு தடவை சொன்னாரு. "தேடலை."

டிக் விழுந்துச்சு. அவ்வளவுதான் கேள்வின்னு டேப்லெட்டே முடிச்சுடுச்சு. தேடாதவருக்கு அதுக்கு மேல கேக்க அதுல ஒண்ணும் இல்லை.

அந்தம்மா தண்ணியைக் குடிச்சுட்டு எழுந்தாங்க. எதிர் வீட்டுப் பூட்டைப் பார்த்து சலிச்சுக்கிட்டாங்க. "பூட்டியிருக்கே. பக்கத்துல விசாரிச்சு ஏதாவது போட்டுக்கறேன்."

"வேணாம்மா," அப்படின்னாரு மீட்டர். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல ஒரு அடி இறங்கியிருந்தாரு. "ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. ஆறு மணிக்கு மேல வாங்க. கண்டிப்பா இருப்பாங்க."

அந்தம்மா அடுத்த தெருவுக்குத் திரும்பற வரைக்கும் அவரு பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் உள்ள வந்து, கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டாரு.